துணையின்றி நடக்கும் எழுத்து

ஆங்கில நெடுங்கணக்கில் பதினேழாம் இடத்தில் நிற்பது 'க்யூ' என்னும் எழுத்து. அது தனியே வழி நடவாது. 'யூ' என்னும் மற்றோர் எழுத்தின் கையைப் பற்றிக்கொண்டே சொல்லுக்குள் நுழையும். அரசியைக் குறிக்கும் 'குவீன்', விரைவைக் குறிக்கும் 'குவிக்' ஆகிய சொற்களை எழுதிப் பார்ப்போர் இதனை அறிவர். பள்ளிச் சிறார்க்கு இது மீறலாகா விதியாகவே கற்பிக்கப்படுகிறது. எனினும் இவ்விதி ஆங்கிலேயரின் பழஞ்சொத்து அன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வெல்லுமுன் மேற்சொன்ன இரு சொற்களையும் 'சீ', 'டபிள்யூ' என்னும் ஈரெழுத்துக்களைக் கொண்டே தொடங்கி எழுதினர். வென்றவர்களோடு வந்த எழுத்தர்கள் தம் பிரெஞ்சு வழக்கத்தைப் புகுத்தினர். நாளடைவில் அதுவே விதியாயிற்று.

இந்த விதிக்கு அடங்காத சொற்கள், அஃதாவது 'யூ' துணையின்றிக் 'க்யூ' நடமாடும் சொற்கள், ஆங்கில அகராதியில் எவையெவை? வேலையற்றோர் வினா இது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆயினும் உலகில் எண்ணற்றோர் இத்தகைய சொற்களைத் தேடித் தேடி மனனம் செய்கின்றனர். அதற்குக் காரணம் 'ஸ்கிராபிள்' என்னும் சொல்லாட்டம்.

இவ்வாட்டத்தைப் புனைந்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்திருந்த அவர், செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். மிகுதியாய் வரும் எழுத்துக்குக் குறைந்த மதிப்பெண், அருகி வரும் எழுத்துக்கு மிகுந்த மதிப்பெண் என்று வகுத்தார். 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பார் அதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு வில்லைகளில் 'ஈ' பன்னிரண்டு, 'யூ' நான்கு, 'க்யூ' ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்குப் பத்து மதிப்பெண். எழுத்துக்களை எண்ணி நிறுத்துப் பார்க்கும் இவ்வேலையைப் பட்ஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிஞர் அல்கிந்தி செய்திருக்கிறார் என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம். கிறித்து ஆண்டு ஒன்பதாம் நூற்றாண்டில், மறைமொழியில் எழுதப்பட்ட ஓலைகளை உடைத்துப் படிப்பதற்கு வழி சொல்லவந்த அவர், ஒரு மொழியில் மிகுதியாய் வரும் எழுத்து எது, குறைவாய் வரும் எழுத்து எது என்று கணக்கிடச் சொன்னார்.

ஆட்டக்காரரிடம் 'க்யூ' வில்லை வந்து சேர்ந்து, 'யூ' வராவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். ஆகவேதான் துணையற்ற 'க்யூ' சொற்களின் பட்டியலை அவர்கள் ஓயாது ஓதுகின்றனர். எங்கள் மதரஸாவில் ஓதிக்கொண்டே பள்ளித் தேர்வுக்கும் படிக்கும் மாணவர் ஒருவர் அத்தகைய பட்டியலொன்றை என்னிடம் காட்டினார். அதைப் பார்த்தபோது எனக்குண்டான வியப்பு சிறிதன்று. காதி, கிப்லா, வக்ஃபு, ஃபிக்ஹு, தலாக், நிகாப், புர்கா, ஃபகீர், தரீகத், கஸீதா, கவ்வாலி, கலம்தான், கனாத், சூக், முகத்தம், இன்கிலாப்! நம் பள்ளிவாசல் முற்றத்திலும் ஜமாஅத் அலுவலகத்திலும் வழங்கும் சொற்கள், 'க்யூ'வைத் தாங்கி, 'யூ'வை அதன் பின்னே சேர்க்காமல், ஆங்கில அகராதியில் அணிவகுத்து நின்றன. பிற மொழிச் சொற்களும் உண்டு. சீனர் உயிர்மூச்சைக் குறிக்க வழங்கும் ஈரெழுத்துச் சொல் ஒன்று. வடதுருவத்துப் பனிநாட்டார் தம் தோற்படகைக் குறிக்கும் 'உமியாக்' ஒன்று. தட்டச்சுப் பொறியின் மேல்வரிசை எழுத்துக்களைக் கூட்டிப் படித்து ஆக்கிக்கொண்ட 'குவெர்ட்டி' ஒன்று. ஆயினும் பெருங்கூட்டம் அரபி வழி வந்ததே.

இவற்றுள் பத்துச் சொற்களையாவது பொருள் அறியாமலே மனனம் செய்தோர் உலகெங்கும் இருக்கின்றனர். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்னும் ஆட்டக்காரர், பிரெஞ்சு மொழியில் பேச அறியாதவர், பிரெஞ்சுச் சொற்பட்டியலை மட்டும் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டு 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் வாகையைச் சூடினார். பொருளறியா மனனம் என்று நகைப்பது எளிது. மறை வசனங்களின் ஒவ்வோர் எழுத்துக்கும் பத்து நன்மை உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றதை நம்பி, பொருள் விளங்குமுன்பே எழுத்து எழுத்தாக ஓதிவரும் நாம் அவரை நகைத்தல் பொருந்தாது. பத்து என்னும் எண் இரண்டிடத்தும் ஒத்து நிற்பது தற்செயல். அதில் நுட்பம் தேட நான் முற்படவில்லை.

இனி, சொற்களைத் தேடும் வழியைப் பார்ப்போம். முதலெழுத்து தெரிந்தால் ஆங்கில அகராதியில் சொல்லைக் கண்டுபிடிக்கலாம். 'காதி', 'கிப்லா' இரண்டும் 'க்யூ' பகுதியிலேயே கிடைத்துவிடும். 'வக்ஃபு' என்னும் சொல்லில் 'க்யூ' நடுவில் நிற்கிறது. 'தலாக்' என்பதில் இறுதியில் நிற்கிறது. அவற்றைக் காண வேண்டின் முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டியே ஆக வேண்டும். கணிப்பொறி வந்தபின் இத்தொல்லை தீர்ந்தது. ஆயினும் அரபு அகராதியார்க்கு இத்தொல்லை என்றுமே இருந்ததில்லை எனலாம். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வாழ்ந்த இமாம் ஜவ்ஹரீ தம் 'ஸிஹாஹ்' அகராதியை வேர்ச்சொல்லின் கடையெழுத்தைக் கொண்டு வகுத்தார். தலாக், தரீகத், சூக் ஆகிய மூன்றின் வேர்களும் அங்கே ஒரே பாகத்தில் உறவினர்போல் கூடியிருக்கும். கவிஞர்க்கு இயைபு தேட அது பெரிதும் உதவிற்று. தமிழிலும் இந்த முறை உண்டு. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை பற்றி, அஃதாவது இரண்டாம் எழுத்துப் பற்றி, அமைந்தது. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதியும் அவ்வழியினதே. முதலெழுத்தே முதன்மை என்னும் எண்ணம் அகராதியின் இயல்பு அன்று; பழக்கத்தால் வந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி, ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத். யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. அரபியின் முதற்பேரகராதியாகிய 'கிதாபுல் ஐன்' நூலில் அவர் கையாண்ட முறை கேட்போரை மலைக்க வைக்கும். சொற்களைத் தொகுத்து எழுத்துக்களின்படி அடுக்குவதற்கு மாறாக, எழுத்துக்களை முதலில் அடுக்கிப் பின்பு சொற்களைத் தேடினார். மூன்று எழுத்துக்களை எடுத்துக்கொண்டால் அவற்றை ஆறு வகையாய் மாற்றி நிறுத்தலாம். நான்கு எழுத்துக்களை இருபத்துநான்கு வகையாய் நிறுத்தலாம். ஐந்தை நூற்றிருபது வகையாய். ஒவ்வொரு நிலையையும் நிறுத்திப் பார்த்து, இது அரபிகள் வழங்கும் சொல், இது வழங்காதது என்று தீர்ப்புரைத்தார். இருபத்தெட்டு எழுத்துக்களைக் கொண்டு இரண்டு முதல் ஐந்து எழுத்து வரை ஓரெழுத்து இருமுறை வாராமல் அடுக்கினால் 1,23,05,412 வடிவங்கள் தோன்றும். இத்தொகையைக் கலீல் அவர்களின் பெயரால் முன்னோர் எடுத்துரைத்துள்ளனர். ஐயுறுவோர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கணக்குச் சரியாகவே வரும். குறிப்பிட்ட எழுத்துக்களைக் கொண்ட சொல் எது என்று இன்று கணிப்பொறி செய்யும் தேடல், பஸராவில் ஒரு மனிதரின் நெஞ்சில் நிகழ்ந்தது.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்த இப்னு ஜின்னீ இன்னும் ஒருபடி சென்றார். சொல்லுதலைக் குறிக்கும் 'கவ்ல்' என்னும் வேரின் மூவெழுத்துக்களை ஆறு வகையாகவும் மாற்றி, ஆறும் வழக்கில் உள்ளன என்றும், ஆறினும் விரைவும் அசைவும் ஆகிய பொருள் ஊடுருவி நிற்கிறது என்றும் காட்டினார். 'கலாம்' என்பதன் மூவெழுத்தில் ஐந்து நிலைகள் வழக்கில் உள்ளன, ஒன்று இல்லை என்றார். இந்தப் பொருள் ஒற்றுமையை எல்லா வேர்களுக்கும் விரித்துரைப்பது எனக்கு உடன்பாடன்று. இப்னு ஜின்னீயும் அவ்வாறு வற்புறுத்தவில்லை.

எழுத்துச் சேர்க்கையை ஆராய்ந்ததால் அவர்கட்கு மற்றொரு பயனும் கிட்டியது. சொல் உள்ளூரா, வெளியூரா என்று அறியும் திறம் அது. நான்கு அல்லது ஐந்து எழுத்து வேருடைய சொல்லில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆகிய ஆறில் ஒன்றேனும் இல்லையாயின் அச்சொல் அரபியன்று என ஐயுறுக என்றார் கலீல். ஜீமும் கனத்த காஃபும் ஒரு சொல்லில் கூடினால் அது வந்தேறிய சொல் என்றனர் பின்னோர். கவண்பொறியைக் குறிக்கும் 'மன்ஜனீக்' அத்தகையது, கிரேக்கத்திலிருந்து வந்தது. அரபியில் கலந்த பிறமொழிச் சொற்களைத் தொகுத்துத் தனிநூல் இயற்றிய இமாமின் பெயர் ஜவாலிகீ. அவர் பெயரிலேயே ஜீமும் காஃபும் கூடி நிற்பதைப் பாருங்கள்! கோணிப்பையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தொல்காப்பியரும் மொழிக்கு முதலாகும் எழுத்துக்களை வரையறுத்தார். ரகரமும் லகரமும் முதலில் வாரா என்பதால்தான் நம் புலவர்கள் 'இறசூல்' என்று ஓர் இகரத்தை வாயிற்காவலாக நிறுத்தினர். ஆங்கிலத்தில் 'யூ' இல்லாத 'க்யூ' இதே பணியைச் செய்கிறது. அதைக் கண்டவுடன், வந்தவர் வெளியூரார் என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த எழுத்து மட்டும் அயலார் அன்று. மதரஸாவில் சிறு பிள்ளைகளாக நாம் ஓதிய 'அப்ஜத், ஹவ்வஸ்' வரிசையை நினைவுகூர்க. அதில் 'கலமன்' என்பது காஃப், லாம், மீம், நூன். ஆங்கிலத்தில் கே, எல், எம், என். அதில் 'கரஷத்' என்பது கனத்த காஃப், ரா, ஷீன், தா. ஆங்கிலத்தில் க்யூ, ஆர், எஸ், டி. முறை சிறிதும் பிறழவில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பினீசிய வணிகர் வழங்கிய எழுத்துவரிசை கிழக்கே அராமிய வழியாக அரபிக்கும், மேற்கே கிரேக்க, இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கும் சென்றது. அவர்தம் 'கோஃப்' எழுத்தே ஒருபுறம் நம் கனத்த காஃபாகவும் மறுபுறம் 'க்யூ'வாகவும் நிற்கிறது. கிரேக்கர் தம் நாவில் அவ்வொலி இல்லாமையால் எழுத்தைக் கைவிட்டு, தொண்ணூறு என்னும் எண்ணுக்கு மட்டும் குறியாக வைத்துக்கொண்டனர். இலத்தீனர் 'யூ' துணையோடு காத்தனர்.

ஆகவே கனத்த காஃபுக்கு ஆங்கிலத்தில் 'க்யூ' வழங்கியது உடன்பிறந்தாரை மீண்டும் கூட்டிவைத்தது போலாகும். ஆனால் இது நெடுங்காலம் நடைபெறவில்லை. முன்னாளில் ஆங்கிலேயர் ஃபகீர், காதி, குர்ஆன், இராக் ஆகிய அனைத்தையும் 'கே' அல்லது 'சீ' கொண்டே எழுதினர். நம் நாட்டில் 1880இல் இயற்றப்பட்ட காஜிகள் சட்டத்தின் பெயர் 'கே' எழுத்தில்தான் தொடங்குகிறது. 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமும் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் நடுவே 'கே' இட்டே அச்சாயின. 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் செய்த மாற்றங்களுள் ஒன்று, மூலச்சட்டம் முழுதிலும் அச்சொல்லில் உள்ள 'கே'யை நீக்கிக் 'க்யூ'வை அமைத்தது. சொத்துக்களைப் பற்றிய வாதங்களுக்கிடையில் இவ்வோர் எழுத்து மாற்றத்தைக் கவனித்தோர் சிலரே. பாராளுமன்றம் தஜ்வீதுக்குச் செய்த தொண்டு என்று நான் அதை நண்பர்களிடம் சொல்வதுண்டு.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். அடிநாக்கு உள்நாக்கைத் தொட எழும் கனத்த காஃபும், அதற்குச் சற்று முன்னே எழும் மெல்லிய காஃபும் தமிழில் ஒரே ககரமாகின்றன. இவ்விரண்டின் பெயரைக்கூடத் தமிழில் வேறுபடுத்தி எழுத எனக்கு இயலவில்லை என்பதையும், 'கனத்த', 'மெல்லிய' என்று அடைமொழி இட்டே வருகிறேன் என்பதையும் படிப்போர் கண்டிருப்பர். கனத்த காஃபில் தொடங்கும் 'கல்பு' இதயம். மெல்லியதில் தொடங்கும் 'கல்பு' நாய். கனத்ததில் 'குல்' என்றால் 'கூறுவீராக'. மெல்லியதில் 'குல்' என்றால் 'உண்பீராக'.

ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் ஓதிக்காட்ட விரும்பி என்னிடம் வந்தார். அறுபது வயதுக்குமேல், தமிழெழுத்தில் அச்சிட்ட குர்ஆன் நூலொன்றைக் கொண்டு தாமாகவே சிறிய அத்தியாயங்களை மனனம் செய்திருந்தார். இக்லாஸ் அத்தியாயத்தின் முதற்சொல்லை அவர் மெல்லிய காஃபில் தொடங்கினார். நிறுத்தி, நாவின் இடத்தைக் காட்டினேன். அவர் நூலைப் பிரித்து இரண்டு இடங்களை விரலால் சுட்டி, "ஹஜ்ரத், இங்கேயும் 'கு', அங்கேயும் 'கு'. எது எதுவென்று நான் எப்படி அறிவேன்?" என்று கேட்டார். ஆர்வத்தோடு படித்தவர், நூல் காட்டியபடியே ஓதியவர். அவர் கேள்வியில் தவறில்லை. பேரனின் ஆங்கிலப் பாடநூலில் 'க்யூ' இருக்கிறது. பாட்டனாரின் ஓதல் நூலில் அதற்கொரு குறி இல்லை.

நம் முன்னோர்க்கு இவ்விடர் இல்லை. அவர்கள் அரபுத் தமிழில் எழுதினர். தமிழின் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களில் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துக்கொண்டனர். அரபுச் சொல் வருமிடத்தில் அதன் எழுத்து அப்படியே நிற்கும். அந்நூல்களை ஓதிய நம் மூதாட்டியர் 'கல்பு' இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறிந்தனர். அந்த எழுத்து வழக்கொழிந்தபோது என்ன இழந்தோம் என்பதைக் கணக்கிடுவோர் இலக்கியங்களைச் சொல்வர். எழுத்துக்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழெழுத்தால் எதுவும் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அரபியைச் சிறப்பிக்க வேண்டின் 'ளாதின் மொழி' என்பர். வேறெங்கும் அரிதாகிய ளாத் அதன் தனியடையாளம். அந்த எழுத்துக்கு நம்மவர் எதைக் கொடுத்தனர்? தமிழின் தனியடையாளமாகிய ழகரத்தைக் கொடுத்தனர். காழி, ரமழான், ஹழ்ரத் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். 'காழி' என்னும் இச்சொல்லில் ஆங்கிலேயர் முதலெழுத்தைக் காத்து, ளாதை 'டி' என்று தேய்த்துவிட்டனர்; நாம் ளாதைப் போற்றி முதலெழுத்தைத் தேய்த்தோம். ளாதுக்கு இடம் கண்ட கை, காஃபுக்கும் ஒரு புள்ளியோ கோடோ கண்டிருக்கலாம். இன்றும் காணலாம், அச்சகத்தார்க்கு அது பெருஞ்செலவன்று. அதுவரை, தமிழெழுத்து ஓதல் நூலை வாங்குவோர் ஓதத் தெரிந்த ஒருவர் முன் பத்து நாளேனும் அமர்வது நலம்.

என் மாணவர் பட்டியலில் 'கின்தார்' என்றொரு சொல்லும் இருந்தது. அல்பேனிய நாட்டுச் சிறு நாணயம் என்று அகராதி பொருள் சொன்னது. "இது ஆலு இம்ரானில் வரும் சொல்லாயிற்றே, உஸ்தாத்!" என்றார் அவர். ஆம், பெரும் பொருட்குவியல் என்னும் பொருளில் அங்கும், மணக்கொடை பற்றி அந்நிஸாவிலும் அச்சொல் வருகிறது. ஆனால் அல்பேனிய நாணயம் அரபியிலிருந்து சென்றதன்று. நூறு என்னும் இலத்தீன் எண்ணுப்பெயர் அல்பேனியர் நாவில் ஒரு வழியாகவும், கிரேக்கம், சிரியம் கடந்து அரபியில் மற்றொரு வழியாகவும் திரிந்தது. இரண்டும் ஒரு பாட்டியின் பேத்தியர். ஒருவர் வீட்டை ஒருவர் அறியார். அரபியின் கின்தாரோ அங்கேயே நின்றுவிடவில்லை. ஐரோப்பிய வணிகர் அதை எடைப்பெயராகக் கொண்டு சென்றனர். அங்கே அது 'யூ'வைத் துணையாகப் பெற்று ஆங்கிலத்தில் நுழைந்தது. ஆகவே துணையற்ற 'க்யூ'வை மட்டும் தேடும் பட்டியலில் அது அகப்படாது. தஞ்சைக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை நிறுத்து, நூறு கிலோவுக்கு ஒன்றாக எழுத்தர் குறித்துக்கொள்ளும் 'குவிண்டால்' அதுவே.